ஆற்றங்கரைக்குத் திரும்பி வந்தவர்: டீச்சர் பதில்கள்

இரண்டு இதழுக்கு முன்னால் ஒரு பதிலில், ஆங்கிலக் கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தைப் பற்றி நாலு வரி சொல்லியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சரி, இந்த இதழ் முழுக்க அவருக்கே.

டீச்சர், நான் எம்.ஏ. முதல் வருடம். வேர்ட்ஸ்வொர்த்தின் ‘டின்டர்ன் அபே’ எங்களுக்குப் பாடம். சிறுவயதில் விளையாட்டு, இளமையில் வெறி, முதிர்ச்சியில் தத்துவம் என்று இயற்கையோடு அவருக்கு மூன்று கட்டம் என கைடில் போட்டிருக்கிறது. மனப்பாடமும் செய்துவிட்டேன். ஆனால் பாட்டைப் படித்தால் ஒன்றும் ஒட்டவில்லை. நிஜமாகவே ஒருவருக்கு இயற்கை மேல் இருக்கிற பிரியம் இப்படி மாறுமா?
— ஒரு மாணவி, திருமங்கலம்

மாறும் அம்மா. எனக்கு மாறியிருக்கிறது. ஆனால் மாடிப்படி ஏறுவது மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று மாறாது. அந்தப் பாட்டிலும் அப்படி இல்லை. உங்களுக்கு ஒட்டாததற்குக் காரணம் பாட்டு இல்லை, அந்த மூன்று கட்டம்தான் என்று நினைக்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1798 ஜூலை. வேர்ட்ஸ்வொர்த்துக்கு 28 வயது. தங்கை டாரத்தியோடு வை என்ற ஆற்றின் கரையோரமாக நாலைந்து நாள் நடக்கிறார். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் எல்லையில் ஓடுகிற ஆறு அது. டின்டர்ன் அபே என்பது அந்தக் கரையில் இருக்கிற பழைய துறவி மடம். 1131-இல் கட்ட ஆரம்பித்தது, 1536-இல் எட்டாம் ஹென்றி காலத்தில் மூடப்பட்டு, கூரை போய், சுவர் மட்டும் நிற்கிறது. தலைப்பில் பெயர் இருக்கிறதே தவிர, பாட்டுக்குள் ஒரு வரியில்கூட அந்த மடம் வராது. மடத்துக்குச் சில மைல் மேலே, ஆற்றோரம் ஒரு மரத்தடியில் இருந்து பார்க்கிற பாட்டு அது. நடந்துகொண்டே மனதுக்குள் கட்டி, பிரிஸ்டல் ஊருக்குள் நுழையும்போது முடித்து, அதற்கப்புறம்தான் தாளில் எழுதியதாகவும், ஒரு வரியைக்கூட மாற்றவில்லை என்றும் வயதான காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அதனால் இதை உட்கார்ந்து படிக்காதீர்கள். வீட்டு மாடியில் நடந்துகொண்டே சத்தம் போட்டுப் படித்துப் பாருங்கள். மூச்சு எங்கே நிற்கிறது, எங்கே தொடர்கிறது என்று கால் சொல்லும்.

பாட்டு எப்படி ஆரம்பிக்கிறது? ஐந்து வருடம் ஆயிற்று என்று ஆரம்பிக்கிறது. அதோடு விடவில்லை. ஐந்து கோடை, ஐந்து நீண்ட குளிர்காலம் என்று மறுபடியும் எண்ணுகிறார். வெளியூர் போன பிள்ளை வராமல் இருந்தால் நம் வீட்டுப் பெண்கள் ‘இந்தப் பொங்கலோட அஞ்சு பொங்கல், அஞ்சு சித்திரை ஆச்சு’ என்று விரல் மடக்குவார்களே, அந்த எண்ணிக்கைதான் இது. ஒரு நிலத்தைப் பிரிந்திருந்ததை ஒரு ஆளைப் பிரிந்திருந்த மாதிரி சொல்கிறார். உங்களுக்குப் பாட்டு ஒட்ட வேண்டிய முதல் இடம் இதுதான்.

அடுத்தது, அந்த ‘இளமை வெறி’. மான்குட்டி மாதிரி மலைமேல் துள்ளினேன், அருவிச் சத்தம் என்னை ஆட்டிப் படைத்தது என்று அவர் சொல்கிற வரிகளைக் காட்டி, இது சந்தோஷக் கட்டம் என்று கைடு எழுதிவிடும். ஆனால் அங்கேயே, அந்த மான் வரிக்குப் பக்கத்திலேயே, இன்னொன்று சொல்கிறார்: தான் நேசிக்கிற ஒன்றைத் தேடிப் போகிறவனைப்போல நான் ஓடவில்லை, எதற்கோ பயந்து தப்பி ஓடுகிறவனைப்போல ஓடினேன் என்று. ஐந்து வருடத்துக்கு முன்னால், 1793-இல், அவர் அங்கே வந்தபோது என்ன நிலைமை என்று தெரிந்தால் இந்த வரி புரியும். பிரெஞ்சுப் புரட்சியை மனசார நம்பிப் பிரான்சில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே அனெட் வல்லோன் என்ற பெண்ணைக் காதலித்து, 1792 டிசம்பரில் ஒரு பெண் குழந்தையும் பிறந்துவிட்டது. அவரோ கையில் காசில்லாமல் இங்கிலாந்து திரும்பியிருந்தார். இரண்டு மாதத்தில் இரண்டு நாட்டுக்கும் போர் மூண்டுவிட்டது. குழந்தையைப் பார்க்கப் போக வழியில்லை. சொந்த நாடு செய்கிற போரும் அவருக்குப் பிடிக்கவில்லை. 23 வயதுப் பையன், தனியாக, இந்த மனதோடு அந்த மலைக்கு வந்தான். இயற்கையை ரசிக்க வந்தவன் என்று அவனைச் சொல்ல முடியுமா? ஒளிந்துகொள்ள வந்தவன்.

சிறுவயதுக் கட்டமும் வெறும் விளையாட்டு இல்லை. அவருடைய சுயசரிதைக் காவியமான ‘பிரெலூட்’ முதல் பாகத்தில், பையனாக இருந்தபோது ஒரு ராத்திரி, கரையில் கட்டியிருந்த யாருடைய படகையோ அவிழ்த்து ஏரியில் துடுப்புப் போட்டுக்கொண்டு போன கதை வரும். பாதி தூரம் போனதும் முன்னால் தெரிந்த மேட்டுக்குப் பின்னாலிருந்து பெரிய கருப்பு மலை ஒன்று தலையைத் தூக்கி எழும்புகிறது. இவர் துடுப்பை வேகமாகப் போடப் போட, அது இன்னும் வளர்கிறது, உயிருள்ள ஒன்று எட்டு வைத்து நடந்து வருகிற மாதிரி பின்னால் வருகிறது. நடுங்கிக்கொண்டே படகைத் திருப்பி, இருந்த இடத்தில் கட்டிவிட்டு வீட்டுக்கு ஓடுகிறார். பல நாள் மனதில் மரமோ வானமோ எதுவும் தெரியவில்லை, அந்தப் பெரிய உருவம்தான் நகர்ந்துகொண்டிருந்தது என்கிறார். ஒத்தக்கடையிலிருந்து ராத்திரியில் சைக்கிளில் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். யானைமலை அசையாமல் படுத்திருக்கும், ஆனால் நாம் மிதிக்க மிதிக்க அதுவும் பக்கத்திலேயே கூட வரும். எட்டாம் வகுப்பில் அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து நான் பயந்த பயம் எனக்கு இப்போதும் முதுகில் இருக்கிறது. அதனால்தான் அந்தப் பகுதியைப் படித்த அன்றைக்கே இந்த மனிதரை நம்பிவிட்டேன்.

இனி மூன்றாவது. யோசனை இல்லாத இளமையில் பார்த்த மாதிரி இப்போது இயற்கையை நான் பார்ப்பதில்லை, மனிதர்களுடைய அடங்கிய, சோகமான சங்கீதம் அதற்குள் அடிக்கடி கேட்கிறது என்கிறார். இதைத் தத்துவம் என்று சுருக்கிவிடாதீர்கள். ஒரு தோப்பைப் பார்த்தால் முன்னெல்லாம் தோப்பு மட்டும் தெரிந்தது. இப்போது அந்தத் தோப்பை வைத்தவர், விற்றவர், அதில் தேங்காய் பொறுக்கியவர் எல்லாரும் தெரிகிறார்கள். அவ்வளவுதான். அது ஐம்பது வயதில் எல்லாருக்கும் வரும். அவருக்கு 28-இல் வந்துவிட்டது.

ஒரே ஒரு சொல்லை மட்டும் கவனியுங்கள். பழைய துள்ளல் போய்விட்டது, அதற்காக நான் புலம்பவில்லை, வேறு கொடைகள் வந்திருக்கின்றன, இழந்ததற்கு நிறையவே ஈடு கிடைத்துவிட்டது என்று சொல்கிறார். நடுவில் ‘என்று நம்புவேன்’ என்று ஒரு சின்னச் சொல்லைச் செருகுகிறார். ஈடு கிடைத்துவிட்டது என்று அடித்துச் சொல்லவில்லை. கிடைத்தது என்று நம்ப ஆசைப்படுகிறார். பாட்டின் முன்பகுதியிலும் ‘இது வீண் நம்பிக்கையாகவே இருந்தாலும்’ என்று ஒரு இடத்தில் தடுமாறுவார். எதையோ தொலைத்துவிட்டு, அதை விட நல்லது கிடைத்திருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மனிதனின் குரல் அது. பரீட்சையில் மூன்று கட்டத்தையும் எழுதுங்கள், மார்க் வேண்டுமே. கூடவே இந்தத் தடுமாற்றத்தைப் பற்றியும் ஒரு பத்தி எழுதுங்கள்.

டாஃபடில் என்றால் என்ன பூ? பள்ளிக்கூடத்தில் வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் பாட்டைப் படித்து முப்பது வருடமாகிறது, இன்றுவரை பார்த்ததில்லை.
— ஒரு வாசகர், வாடிப்பட்டி

மஞ்சள் பூ. வெங்காயம் மாதிரி ஒரு கிழங்கிலிருந்து முளைக்கும். சுற்றி ஆறு இதழ், நடுவில் குழாய் மாதிரி நீட்டிக்கொண்டு ஒரு கிண்ணம். குளிர்காலம் முடிகிற நேரத்தில் கூட்டம் கூட்டமாகப் பூக்கும். நம் வெயிலுக்கு அது வராது. ஆவாரம்பூ ரோட்டோரம் வரிசையாகப் பூத்துக் காற்றில் ஆடும்போது எனக்கு அந்தப் பாட்டு ஞாபகம் வரும், பூ வேறாக இருந்தாலும்.

அந்தப் பாட்டில் மேகம் மாதிரி தனியாகத் திரிந்தேன் என்று எழுதினாரே, உண்மையில் அவர் தனியாகப் போகவில்லை. 1802 ஏப்ரல் 15, அல்ஸ்வாட்டர் ஏரிக்கரை, பலத்த காற்று, கூடவே தங்கை டாரத்தி. அன்று பார்த்ததை டாரத்தி தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்: முதலில் தண்ணீரோரம் சில பூ, போகப் போக இன்னும் நிறைய, கடைசியில் கரை நெடுக ஒரு ரோட்டு அகலத்துக்குப் பட்டையாகப் பூ. சில பூக்கள் அசந்துபோய்த் தலையணையில் சாய்கிற மாதிரி கல்மேல் தலை வைத்துக் கிடந்தனவாம். அண்ணன் பாட்டு எழுதியது இரண்டு வருடம் கழித்து, அச்சில் வந்தது 1807-இல். கட்டிலில் சும்மா சாய்ந்திருக்கும்போது அந்தப் பூக்கள் உள்கண்ணில் மின்னுவதாக வருகிற இரண்டு வரி இருக்கிறதே, அந்த இரண்டும் மனைவி மேரி சொன்னவை, பாட்டிலேயே சிறந்த வரிகள் அவைதான் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அந்தத் தங்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள் டீச்சர். அண்ணனுக்காகவே வாழ்ந்த பெண் என்று படித்தேன். படிக்கும்போதே மனசு கஷ்டமாக இருந்தது.
— ஒரு வாசகி, உசிலம்பட்டி

எனக்கும்தான். அம்மா இறந்தபோது டாரத்திக்கு ஆறு வயது. சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அண்ணனை விட்டுப் பிரிந்து வருடக்கணக்காக வளர்ந்தார். பெரியவர்களானதும் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருப்பது என்று முடிவு செய்து, கடைசி வரை அப்படியே இருந்தார்கள். அண்ணனுக்குக் கல்யாணம் ஆன பிறகும் டாரத்தி அந்த வீட்டில்தான்.

டின்டர்ன் அபே பாட்டின் கடைசியில் திடீரென்று அவர் திரும்பி, பக்கத்தில் நிற்கிற தங்கையிடம் பேச ஆரம்பிப்பார். அதுவரை அவள் கூட இருப்பதே நமக்குத் தெரியாது. உன் கண்ணில் என் பழைய சந்தோஷத்தைப் பார்க்கிறேன், இன்னும் கொஞ்ச நாள் நான் முன்பு இருந்ததை உன்னிடத்தில் பார்த்துக்கொள்ள விடு என்கிறார். இந்தத் துள்ளல் உனக்கும் ஒருநாள் அடங்கும், அப்போது உன் மனம் அழகான எல்லாவற்றுக்கும் ஒரு மாளிகையாக இருக்கும், தனிமையோ பயமோ வலியோ வந்தால் இந்த நாளை நினைத்துக்கொள் என்கிறார். எனக்கு இதில் ஒரு குறை உண்டு. அந்தப் பெண்ணுக்கும் அப்போது 26 வயது, அவளுக்கும் சொந்தமாக ஒரு கண் இருந்தது, நாட்குறிப்பைப் படித்தால் அந்தக் கண் அண்ணனுடையதை விடக் கூர்மை என்றே சொல்வேன். அவளைத் தன் பழைய படமாக மட்டும் பார்த்துவிட்டார்.

ஆனால் அவர் சொன்னது பலித்தது. 1829-க்குப் பிறகு டாரத்திக்கு நோய்க்கு மேல் நோய். நாள் முழுக்க மலை ஏறிய பெண் அறையை விட்டு வெளியே வர முடியாமல் ஆனார். அப்புறம் புத்தியும் கலங்கியது. அதற்கு முன்னால், 1832-இல், படுக்கையில் இருந்தபடி ஒரு பாட்டு எழுதினார். யாரோ வசந்தத்தின் முதல் பூக்களை அறைக்குள் கொண்டுவந்து தருகிறார்கள். அதைப் பார்த்ததும் பழசெல்லாம் எழும்பி வருகிறது. வை ஆற்றங்கரையும் அண்ணன் அன்று சொன்ன வார்த்தையும் வருகின்றன. நடக்கக் காலும் வேண்டாம், காற்றும் வேண்டாம், ஞாபகத்தோடு நான் அங்கே இருந்தேன் என்று முடிக்கிறார். அண்ணன் 34 வருடத்துக்கு முன்னால் அவளிடம் சொன்னதற்கு, அவள் சொன்ன பதில் அது. இரண்டு பாட்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பாடத்தில் இரண்டாவதை வைப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

80 வயது வரை வாழ்ந்தவர். ஆனால் நல்ல கவிதை எல்லாம் சுமார் பத்து வருடத்துக்குள் முடிந்துவிட்டது என்கிறார்களே? இயற்கை அவரைக் கைவிட்டதா, அவர் இயற்கையைக் கைவிட்டாரா?
— பணி ஓய்வு பெற்றவர், செல்லூர்

ஐயா, 1797-இலிருந்து 1807 வரை என்று பொதுவாகச் சொல்வார்கள், பெரும்பாலும் சரிதான். ஆனால் காரணம் ‘கைவிடுவது’ இல்லை என்பது என் எண்ணம்.

1802-இல் ஒரு பெரிய கவிதையை ஆரம்பித்தார். ஒரு காலத்தில் புல்லும் ஓடையும் எல்லாமும் எனக்கு ஒளி போர்த்தியிருந்தன, இப்போது எங்கே திரும்பினாலும் அதைக் காணோம், அந்த வெளிச்சம் எங்கே போயிற்று என்று கேட்டுவிட்டு, பதில் தெரியாமல் அப்படியே நிறுத்திவிட்டார். இரண்டு வருடம் கழித்துத்தான் மீதியை எழுதி முடித்தார். டின்டர்னில் ‘ஈடு கிடைத்தது என்று நம்புவேன்’ என்று சொன்னவருக்கு நாலு வருடத்தில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

அப்புறம் 1805 பிப்ரவரி 5. தம்பி ஜான் ஒரு கப்பல் கேப்டன். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வங்காளத்துக்கும் சீனாவுக்கும் கிளம்பிய கப்பல், இங்கிலாந்துக் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே பாறையில் மோதி மூழ்கியது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள், ஜானும் அதில் ஒருவர். சம்பாதித்து வந்து அண்ணன் எழுதிக்கொண்டே இருக்க வழி செய்து தரவேண்டும் என்று நினைத்திருந்த தம்பி அவர்.

அதற்குப் பிறகு நண்பர் ஜார்ஜ் போமான்ட் வரைந்த ஒரு ஓவியத்தைப் பார்த்து ஒரு கவிதை எழுதினார். பீல் என்ற கடலோரக் கோட்டை, புயல், தத்தளிக்கிற கப்பல். அந்தக் கோட்டைக்குப் பக்கத்தில் இவர் ஒரு கோடையில் நாலு வாரம் தங்கியிருந்தவர். அப்போது கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது, அன்று என் கையில் தூரிகை இருந்திருந்தால் அந்த அமைதியைத்தான் வரைந்திருப்பேன், அது என்றைக்கும் அப்படியே இருக்கும் என்று நம்பியிருப்பேன் என்கிறார். இனி அப்படி முடியாது. ஆழ்ந்த துயரம் என் ஆத்மாவை மனிதத்தன்மை உள்ளதாக ஆக்கிவிட்டது என்கிறார். தன்னை நேசிக்கிறவளை இயற்கை ஒருநாளும் ஏமாற்றாது என்று டின்டர்னில் டாரத்திக்கு வாக்குக் கொடுத்தாரே, அவரேதான் இதையும் எழுதினார்.

என்னைக் கேட்டால் அவர் எழுதியதிலேயே மிக நேர்மையானது இந்தக் கவிதை. அப்பா இறந்து காரியம் எல்லாம் முடிந்த வாரம், மதுரையில் சித்திரைத் திருவிழா. அழகருக்காக வைகையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். ராத்திரி பாலத்தின் மேல் நின்றேன், பௌர்ணமிக்கு முந்தின நாள் நிலா, தண்ணீர் எல்லாம் வெள்ளி. சின்ன வயதிலிருந்து நான் பார்க்க ஏங்குகிற காட்சி அது. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. என் அப்பா போய்விட்டார், நீ எப்படி இப்படி மின்னிக்கொண்டு கிடக்கிறாய் என்று. இளங்கோவடிகள் இந்த வைகையை அப்படிப் பாடவில்லை. மதுரைக்குள் நுழையப் போகிற கண்ணகிக்கு நேரப்போவதை ஆறு முன்பே அறிந்ததுபோல, பூவாடை போர்த்திக்கொண்டு, கண் நிறைந்த நீரை மறைத்து அடக்கிக்கொண்டது என்று பாடினார். நம் கவிதையில் ஆற்றுக்கு நம் துக்கம் தெரியும். வேர்ட்ஸ்வொர்த்துக்கு அது தெரியாது என்று 35 வயதில் தெரிந்துபோனது. தெரிந்த பிறகும் 45 வருடம் அதே மலைகளுக்கு நடுவில்தான் நடந்தார். 1812-இல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தார், அப்போதும் அந்த மலைகளை விட்டுப் போகவில்லை. இதைக் கைவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதெல்லாம் சோற்றுக்குக் கவலை இல்லாதவர்கள் பேச்சு. தினம் மண்ணோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு இயற்கை என்ன ரசிக்கிற பொருளா?
— விவசாயி, மேலூர்

நியாயமான கேள்வி தம்பி. அவரிடமும் இதற்குப் பாதி பதில்தான் இருக்கிறது.

1800-இல் ‘மைக்கேல்’ என்று ஒரு கதைப்பாட்டு எழுதினார். 80 வயதைத் தாண்டிய ஆட்டிடையர். நிலத்தின் மேல் கடன். ஒரே மகனைப் பட்டணத்துக்கு அனுப்ப வேண்டிய நிலை. போகிறதுக்கு முந்தின நாள், புதிதாகக் கட்டப்போகிற ஆட்டுப்பட்டிக்கு மகன் கையால் முதல் கல்லை வைக்கச் சொல்கிறார் அப்பா. மகன் பட்டணத்தில் கெட்டுப்போய்க் கடல் தாண்டிப் போய்விடுகிறான். கிழவர் அந்தப் பட்டி இருக்கிற பள்ளத்தாக்குக்குப் போவார், பல நாள் போய் ஒரு கல்லைக்கூடத் தூக்காமல் உட்கார்ந்துவிட்டு வருவார். அந்த ஒரு வரிக்காக இவரை மன்னிக்கலாம். மலை அந்த இடையருக்குக் காட்சி இல்லை, பிழைப்பு. அதை நன்றாகத் தெரிந்து எழுதியிருக்கிறார்.

ஆனால் மன்னிக்க முடியாததும் ஒன்று இருக்கிறது. அவர் வாழ்ந்த, மலையும் ஏரியுமான ‘ஏரி நாடு’ பகுதியைப் பற்றிய வழிகாட்டி நூலில், பார்க்கக் கண்ணும் அனுபவிக்க மனமும் உள்ள ஒவ்வொருவருக்கும் இதில் உரிமை உண்டு, இது ஒருவகையில் தேசத்தின் சொத்து என்று எழுதினார். அவரேதான் 1844-இல் அங்கே ரயில் பாதை போடப் போகிறார்கள் என்றதும் பத்திரிகைக்கு எழுதி எதிர்த்தார். மலையைக் காப்பாற்ற நினைத்தது சரி. தொழிலாளிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்து இறக்கினால் அவர்களுக்கு இதை ரசிக்கிற பக்குவம் வந்துவிடாது என்று சேர்த்து எழுதினாரே, அது தப்பு. ரயில் 1847-இல் விண்டர்மியர் வரை வந்துவிட்டது. இன்றும் அதுதான் கடைசி ஸ்டேஷன், மலைக்குள் பாதை போகவில்லை.

உங்கள் ஊரிலேயே பார்த்தீர்களே. அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பக்கத்தைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது எழுந்து நின்றது உங்களை மாதிரி ஏர் பிடிக்கிறவர்களும் களை எடுக்கிறவர்களும்தான். மதுரை வரை திரண்டு வந்தீர்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. மலையும் சுனையும் கண்மாயும் உங்களுக்குப் பிழைப்பு, கோயில், அழகு எல்லாம் ஒன்றாகவே இருக்கின்றன. வேர்ட்ஸ்வொர்த் இதைப் பார்த்திருந்தால் அந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நானும் உங்கள் ஊர்தான் டீச்சர். இப்போதெல்லாம் ஆற்றுப்பக்கம் போகவே பிடிக்கவில்லை. கருவேலமும் குப்பையுமாகக் கிடக்கிறது. உங்கள் கவிஞர் ஐந்து வருடம் கழித்துப் போனபோது ஆறு அங்கேயே இருந்தது. நமக்கு?
— ஒரு வாசகர், சோழவந்தான்

ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேனாவை எடுக்கவில்லை. வகுப்பில் எத்தனையோ வருடம் இந்தப் பாட்டை நடத்தியிருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. அவருடைய பாட்டு மொத்தமும் ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கிறது: மலையும் ஆறும் அப்படியே இருக்கும், மாறுவது நான்தான். சுவரில் கோடு போட்டுப் பிள்ளைகளின் உயரம் பார்ப்போமே, அந்தச் சுவர் மாதிரி இயற்கை. சுவர் நகராது என்பதால்தான் பிள்ளை எவ்வளவு வளர்ந்தது என்று தெரிகிறது. 1820-இல் டடன் என்ற ஆற்றைப் பற்றி, அது பிறக்கிற இடத்திலிருந்து கடல் வரைக்கும் கூடவே போய், 30-க்கும் மேற்பட்ட சானெட் (பதினாலு வரிப் பாட்டு) எழுதினார். அதன் கடைசிப் பாட்டில், நாம் எல்லாரும் மறைந்துபோவோம், ஓடை இன்னும் ஓடுகிறது, என்றைக்கும் ஓடும் என்று ஆறுதல் சொல்கிறார். வருசநாட்டு மலையில் பிறந்து, 258 கிலோமீட்டர் வந்து, பெருவெள்ளம் வந்தால் ஒழியக் கடலைப் பார்க்காமல் ராமநாதபுரம் கண்மாயோடு நின்றுவிடுகிற ஆற்றின் கரையில் பிறந்த நாம் அந்த வரியை எப்படிச் சொல்வது? நமக்குச் சுவரே நகர்ந்துவிட்டது.

நான் இதற்கு வேர்ட்ஸ்வொர்த்திடம் பதில் தேடவில்லை, டாரத்தியிடம்தான் தேடுகிறேன். நடக்க ஆறு இல்லாதபோதும் அவர் அறைக்குள்ளிருந்து போனாரே.

உங்களுக்கும் தெரிந்திருக்கும். கோடையில் அப்பத்தா என்னை ஆற்றுக்குக் கூட்டிப்போய் ஊற்றுத் தோண்டுவார். முழங்கால் ஆழம் மணலைக் கையால் வாரினால் போதும், அடியில் தண்ணீர் கசிந்து வரும். முதலில் வருவது கலங்கலாக இருக்கும், அதைச் சிரட்டையால் கோரிக் கோரி வெளியே ஊற்றுவார். நான் அவசரப்பட்டுக் கையை விட்டால் ‘கலக்காதடி, தெளியட்டும்’ என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் அடியில் மணல் பொரிப் பொரியாகச் சுழல்வது தெரியும், தண்ணீர் அவ்வளவு சுத்தம். அப்புறம்தான் குடத்தில் துணியைக் கட்டிச் சிரட்டை சிரட்டையாக நிரப்புவார். உணர்ச்சி பொங்கும்போதே கவிதை வந்துவிடாது, பின்னால் அமைதியாக இருக்கும்போது அதை நினைத்துப் பார்ப்பதிலிருந்து பிறக்கிறது என்று 1800-இல் வேர்ட்ஸ்வொர்த் எழுதினார். அதைக் கல்லூரியில் முதல்முதலாகப் படித்த அன்று எனக்கு அப்பத்தாவின் சிரட்டைதான் கண்ணில் வந்தது.

போன மாசியில் ஊருக்கு வந்திருந்தபோது பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினேன். முள்ளுக்கு நடுவில் கொஞ்சம் மணல் மிச்சம் இருக்கிற இடமாகப் பார்த்துத் தோண்டினோம். முழங்கால் ஆழத்தில் ஒன்றும் இல்லை. குப்புறப் படுத்துத் தோள் வரை கையை விட்டபோதுதான் மணல் ஈரமாகப் பட்டது. இன்னும் கொஞ்சம் வாரிவிட்டு உட்கார்ந்தோம். ரொம்ப நேரம் கழித்து டீ நிறத்தில் ஒரு கை அளவு தண்ணீர் ஊறியது. பாப்பா குச்சியை விட்டு ஆட்டப் பார்த்தாள், என் வாயிலிருந்து அப்பத்தாவின் சத்தம் அப்படியே வந்தது. தெளிவதற்குள் இருட்டிவிட்டது. சிரட்டையைப் பள்ளத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, காலையில் வருவோம் என்று சொல்லிக் கரையேறினோம்.